மருதையாற்றுப் பாலமும் நாமினியின் பெயரும்: காப்பீடு பற்றி நம்மவர் கொண்டுள்ள தவறான எண்ணங்கள், ஒரு வரலாற்றுப் பார்வை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் ஒரு வீட்டில் மவ்த்து நிகழ்ந்தால், நல்லடக்கமும் துஆவும் முடிந்த சில நாட்களில் அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டு வெளியே வருகிறது. வங்கிப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம், வண்டியின் ஆவணங்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என அதில் எல்லாம் இருக்கும். "இதில் யாருக்கு என்ன வரும்?" என்ற கேள்வியுடன் அக்கட்டு மத்ரஸாவுக்கும் வருகிறது. வாரிசுப் பங்கைக் கணக்கிட்டுச் சொல்வது எளிது. ஆனால் அப்பணம் எப்படிப்பட்டது, அது வருமா வராதா என்பவற்றில் நம் குடும்பங்கள் கொண்டிருக்கும் எண்ணங்கள் பெரும்பாலும் பிழையானவை. அப்பிழைகளால் துன்புறுவோர் விதவைகளும் யத்தீம்களுமே. ஆகவே இச்செய்தியை நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே தொடங்கி விளக்குவது பொருத்தம் எனக் கருதுகிறேன்.

1956: ஓராண்டில் இரு நிகழ்வுகள்

1956ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று இந்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அப்போது நாட்டில் 154 இந்திய நிறுவனங்களும், 16 வெளிநாட்டு நிறுவனங்களும், 75 சேமநிதிச் சங்கங்களும் இத்தொழிலை நடத்திவந்தன. மக்களின் பணத்தைப் பெற்ற நிறுவனங்களிற் சில அதனை முறைகேடாகக் கையாண்டன. சில அடியோடு கவிழ்ந்தன. அதுவே தேசியமயமாக்கலுக்குச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணம். அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம், அதாவது எல்.ஐ.சி., ஐந்து கோடி ரூபாய் மூலதனத்துடன் தோன்றியது.

அதற்கு மூன்று மாதம் நிறைவதற்குள், நவம்பர் 23 அன்று விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்றுகொண்டிருந்த விரைவு இரயில் அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றில் கவிழ்ந்தது. அடைமழையால் ஆறு பெருக்கெடுத்திருந்தது. பாலத்தருகே பாதை பலமிழந்திருந்ததை அறியாமல் வந்த வண்டியின் என்ஜினும் முன் பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் மகபூப்நகரில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இரயில் விபத்து முன்னரே நிகழ்ந்திருந்தது. அப்போதே பதவி விலக முன்வந்த இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரியைப் பிரதமர் நேரு தடுத்துவிட்டார். அரியலூருக்குப் பின் அவர் விலகியேவிட்டார். அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்குட்பட்டிருந்த சிற்றூரின் பெயர் நாடெங்கும் பரவியது அவ்வாறுதான். பின்னர் அரியலூர் தனி மாவட்டமாக 2007இல் மீண்டும் உருவானதும் அதே நவம்பர் 23ஆம் நாளில்தான்.

அமைச்சரின் பதவி விலகலை வரலாறு நன்றாக நினைவில் வைத்திருக்கிறது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் சட்டம் என்ன வைத்திருந்தது என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. 1890ஆம் ஆண்டின் இரயில்வே சட்டத்தில் 1943இல் சேர்க்கப்பட்ட 82அ என்னும் பிரிவின்படி, வண்டி விபத்தில் பயணி இறந்தால் நிர்வாகம் இழப்பீடு தரவேண்டும். ஆனால் அத்தொகை எவர் பொருட்டும் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டலாகாது. அதுவும் தானாக வீடு தேடி வராது. அதற்கென அமர்த்தப்படும் அதிகாரியிடம் கோரிக்கை அளித்தே பெறவேண்டும். கோராதவர்க்கு ஒன்றுமில்லை.

நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு, காப்பீடு வேறு

முதல் தவறான எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. விபத்துக்குப் பின் கிடைக்கும் எல்லாப் பணத்தையும் நம்மவர் "இன்சூரன்ஸ் பணம்" என்றே சொல்கின்றனர். உண்மையில் அவை மூன்று.

முதலாவது நிவாரணம். முதலமைச்சரோ பிரதமரோ அறிவிப்பது. அது அரசின் கருணைத்தொகை. உரிமையாகக் கேட்க இயலாது. இரண்டாவது இழப்பீடு. ஒருவரின் பொறுப்பினால் ஏற்பட்ட சேதத்திற்குச் சட்டம் அவர்மீது சுமத்தும் கடன் அது. மூன்றாவது காப்பீடு. முன்கூட்டியே பிரீமியம் செலுத்திச் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதில் எழுதப்பட்டது கிடைக்கும், எழுதப்படாதது கிடைக்காது.

ஒன்று கிடைத்ததும் மற்றவை முடிந்துவிட்டன என எண்ணிக் குடும்பங்கள் ஒதுங்கிவிடுகின்றன. இன்றைய இரயில்வே சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் மரணத்திற்கான இழப்பீடு 1997இல் 4 இலட்சமாகவும், 2017 ஜனவரி முதல் 8 இலட்சமாகவும் உயர்த்தப்பட்டது. வண்டி கவிழ்ந்தால் மட்டுமன்றி, பயணி ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்தாலும் இது பொருந்தும். தற்கொலை, குடிபோதை, சொந்தக் குற்றச்செயல் போன்றவை மட்டும் விலக்கு. இதற்கு இரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். பயணச்சீட்டு வாங்கிய எவருக்கும் இவ்வுரிமை உண்டு.

ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்யும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவாகப் பிடிக்கப்படும் பயணக் காப்பீடு வேறு. 2016 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டம் விபத்து மரணத்திற்கு 10 இலட்சம் தருகிறது. எனினும் அது இணையவழிச் சீட்டில் அதனைத் தேர்ந்தெடுத்தவர்க்கு மட்டுமே. நிலையச் சாளரத்தில் சீட்டு வாங்கியவர்க்கும் முன்பதிவற்ற பெட்டியில் நின்று செல்பவர்க்கும் அது இல்லை. பெரம்பலூர் நகரில் இரயில் நிலையம் இல்லாமையால் நம்மிற் பலர் அரியலூருக்கு வந்து, கிடைத்த வண்டியில் ஏறிச்செல்பவர்கள். "இரயிலில் போனால் எல்லோருக்கும் பத்து இலட்சம்" என்பது அவர்கள் வரையில் உண்மையன்று.

உமர் (ரலி) அவர்கள் திருத்திக்கொண்ட தீர்ப்பு

இழப்பீட்டுப் பணம் யாருக்குரியது என்பதில் ஏற்படும் குழப்பம் புதிதன்று. இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கக் காலத்திலேயே அது எழுந்து தீர்க்கப்பட்டிருக்கிறது.

அரபியரிடையே ஒருவர் தவறுதலாக மற்றவரைக் கொன்றுவிட்டால், கொன்றவரின் குலத்தார் அனைவரும் சேர்ந்து தியத் எனும் உயிரீட்டுத் தொகையைச் செலுத்துவர். அக்குழுவிற்கு ஆகிலா என்று பெயர். ஒருவன் தனித்துத் தாங்கமுடியாத சுமையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இவ்வழக்கத்தை இஸ்லாம் ஏற்று ஒழுங்குபடுத்தியது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் வகுத்த உடன்படிக்கையிலும் ஒவ்வொரு குழுவும் தன் தியத்தைத் தானே தாங்குவது எழுதப்பட்டிருந்தது. இன்று கூட்டுறவுக் காப்பீடு பேசும் அறிஞர்கள் இதனையே வேராகக் காட்டுகின்றனர்.

தியத்தைச் செலுத்துவோர் குலத்தார் என்பதால், கொல்லப்பட்டவரின் தியத்தைப் பெறுவோரும் குலத்தாரே, மனைவிக்கு அதில் பங்கில்லை என்பது கலீஃபா உமர் (ரலி) அவர்களின் கருத்தாக இருந்தது. அப்போது ளஹ்ஹாக் இப்னு சுஃப்யான் (ரலி) அவர்கள் ஒரு செய்தியைத் தெரிவித்தார்கள்: அஷ்யம் அள்ளிபாபீ என்பவரின் தியத்திலிருந்து அவருடைய மனைவிக்கு வாரிசுப் பங்கு கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் தமக்கு எழுதியனுப்பியிருந்தார்கள் என்று. இதனைக் கேட்டதும் உமர் (ரலி) அவர்கள் தம் கருத்தைக் கைவிட்டார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

பணத்தைக் கையில் வாங்குபவர் வேறு, பணத்திற்கு உரியவர் வேறு என்பதே இதன் பாடம். இப்பாடத்தை மறந்ததால் விளைவது அடுத்த தவறான எண்ணம்.

நாமினி வாரிசல்லர்

ஒரு நிலைமையை எண்ணிப்பாருங்கள். ஓர் இளைஞர் திருமணத்திற்கு முன்பு ஆயுள் காப்பீடு எடுக்கிறார். நாமினி என்ற கட்டத்தில் தம்பியின் பெயரை எழுதுகிறார். பின்னர் நிக்காஹ் நடக்கிறது, பிள்ளைகள் பிறக்கின்றனர், படிவத்தை யாரும் மாற்றவில்லை. அவர் வஃபாத்தானதும் காசோலை தம்பியின் பெயரில் வருகிறது. "அண்ணன் எனக்குத்தானே எழுதினார்" என்கிறார் தம்பி. குடும்பமும் அதனை ஏற்கிறது. இத்தகைய கதைகள் நம் ஊர்களில் ஒன்றிரண்டல்ல.

சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 39ஆம் பிரிவு நாமினியைப் பற்றியது. அதன் பொருளை உச்சநீதிமன்றம் 1983இல் சர்பதி தேவி வழக்கில் தெளிவாக்கியது: நாமினி நிறுவனத்திடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே; பணம் இறந்தவரின் வாரிசுகளுக்கு அவரவர் வாரிசுரிமைச் சட்டப்படி சேரும். முஸ்லிம்களுக்கு அச்சட்டம் ஷரீஅத்தே என்பதை 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் உறுதிசெய்கிறது. 2015இல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நியமித்தால் பணம் அவர்களுக்கே உரியதாகும் என்பது அதன் வாசகத்தின் போக்கு. அது வாரிசுரிமைச் சட்டத்தையும் மீறுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. எப்படியாயினும் தம்பி அப்பட்டியலில் இல்லை.

நீதிமன்றம் எவ்வாறு பேசினும், அல்லாஹ்விடம் கணக்குக் கொடுக்கவேண்டியவர் நாம். அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் பங்குகளை வகுத்துவிட்டன. மேற்சொன்ன இளைஞர் மனைவி, தாய், ஒரு மகன், இரு மகள்கள், தம்பி ஆகியோரை விட்டுச்சென்றார், கடனும் வஸிய்யத்தும் நீங்க எஞ்சிய தொகை 24 இலட்சம் என்று கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 இலட்சம். தாய்க்கு ஆறில் ஒன்றாக 4 இலட்சம். மீதி 17 இலட்சத்தில் மகனுக்கு எட்டரை இலட்சம். மகள்களுக்குத் தலா நாலேகால் இலட்சம். மகன் இருப்பதால் தம்பிக்கு ஒன்றுமில்லை. நாமினியான தம்பி அப்பணத்தின் அமானத்தாளர். அதனை வைத்துக்கொண்டால், யத்தீம்களின் சொத்தை உண்பது குறித்து அதே அத்தியாயத்தின் 10ஆம் வசனம் விடுக்கும் கடும் எச்சரிக்கை அவரைச் சேரும்.

இதனைத் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு. திருமணமானதும், பிள்ளை பிறந்ததும், பத்திரத்தை எடுத்து நாமினி பெயரைப் பார்த்து மாற்றி எழுதக் கொடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவரையும் பங்கு குறித்து நியமிக்கலாம்.

எல்லா மரணமும் விபத்தன்று

லப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளில் பணியாற்றும் ஒருவரேனும் இல்லாத தெரு அரிது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டில் செல்வோர்க்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயமானது. "போனவருக்கு ஏதாவது ஆனால் பத்து இலட்சம் வரும்" என்று வீட்டார் நம்புகின்றனர். அப்பத்து இலட்சம் விபத்து மரணத்திற்கும் விபத்தால் நேரும் நிரந்தர ஊனத்திற்கும் உரியது. அறையில் உறங்கியவர் மாரடைப்பால் இறந்தால் அத்தொகை வராது. பத்தாம் வகுப்புத் தேறி, அனுமதி தேவைப்படாத கடவுச்சீட்டில் செல்பவர்க்கும் சுற்றுலா விசாவில் சென்று வேலை தேடுபவர்க்கும் அக்காப்பீடு கட்டாயமில்லாததால், அவர்களிற் பெரும்பாலோரிடம் அது இருப்பதே இல்லை.

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுதோறும் பிடிக்கப்படும் இரு திட்டங்களிலும் இதே குழப்பம். 2015 மே மாதம் தொடங்கப்பட்ட இவற்றுள், ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் சுரக்ஷா பீமா விபத்துக்கு மட்டும். 436 ரூபாய் பிடிக்கும் ஜீவன் ஜோதி எக்காரணத்தால் இறந்தாலும் 2 இலட்சம் தரும். புதிதாகச் சேர்ந்தவர்க்கு முதல் முப்பது நாட்களில் விபத்து மரணம் மட்டுமே ஏற்கப்படும். மே மாத இறுதியில் கணக்கில் பணமில்லையெனில் காப்பு அறுந்துவிடும். நலமாயிருந்தவர்க்குப் பணம் திரும்பவும் வராது. இவை சேமிப்புகள் அல்ல.

சிமெண்டு ஆலைகளின் லாரிகள் இரவுபகலாக ஓடும் அரியலூர்ச் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். "வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்றால் ஓட்டுபவருக்கும் இருக்கிறது என்று பொருளன்று. கட்டாயக் காப்பீடான மூன்றாம் நபர் காப்பு, நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்கிற்கானது. தாமே சறுக்கி விழுந்து இறக்கும் உரிமையாளருக்கு அதிலிருந்து ஒன்றுமில்லை. அதற்கென உள்ளது உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பு. 2018 முதல் அதன் தொகை 15 இலட்சம். வண்டி அவர் பெயரில் பதிவாகியிருக்கவேண்டும். செல்லத்தக்க உரிமமும் வேண்டும். அத்தாவின் வண்டியை உரிமமில்லாத மகன் ஓட்டிச்சென்றால் இக்காப்பு அவனைச் சேராது.

மறைத்தெழுதிய விண்ணப்பம்

விண்ணப்பத்தை முகவர் நிரப்புவார்; நம்மவர் கையொப்பம் இடுவார். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உண்டா என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதப்படும். "அதெல்லாம் பார்க்கமாட்டார்கள்" என்பது வழக்கமான ஆறுதல். இறப்புக்குப் பின் கோரிக்கை வந்ததும் மருத்துவமனை ஏடுகளைப் பார்ப்பார்கள். பத்திரம் தொடங்கி மூன்றாண்டுக்குள் இறப்பு நிகழ்ந்தால், உண்மையை மறைத்ததைக் காட்டிக் கோரிக்கையை மறுக்கச் சட்டத்தின் 45ஆம் பிரிவு இடமளிக்கிறது. மூன்றாண்டு கடந்துவிட்டால் நிறுவனம் அவ்வாறு கேள்வி எழுப்பமுடியாது. இம்மூன்றாண்டைத் தந்திரமாகப் பயன்படுத்தச் சொல்வோரும் உளர். ஒப்பந்தத்தில் குறையை மறைப்பது ஏமாற்று; ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்பது நபிகளாரின் எச்சரிக்கை. ஒப்பந்தம் எத்தகையதாயினும் முஸ்லிமின் நாவும் கையொப்பமும் உண்மையாயிருக்கவேண்டும்.

கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால் அத்துடன் முடிந்துவிடவில்லை. மறுப்பை எழுத்தில் பெற்று, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞரும் வேண்டியதில்லை.

ஷரீஅத்தின் பார்வையில்

"காப்பீடு கூடுமா?" என்பது தவிர்க்கமுடியாத கேள்வி. கடல்வழி வாணிபத்தில் ஐரோப்பியர் நடத்திய காப்பீடு, ஸூக்கரா என்ற பெயரால், 1836இல் வஃபாத்தான திமிஷ்கு நகரத்து ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களின் முன் வந்தது. இழந்த பொருளுக்கு ஈடு வாங்குவது கூடாது என்று தம் ரத்துல் முஹ்தார் நூலில் அவர்கள் எழுதினார்கள். இருபதாம் நூற்றாண்டில் முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்றோர் ஆகுமெனக் கருதினர். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, இலாபநோக்குள்ள வணிகக் காப்பீட்டில் நிச்சயமின்மை இருப்பதால் அது விலக்கப்பட்டது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு ஆகுமானது என்றும் முடிவுசெய்தது. சூடானில் 1979இலும், மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் சட்டத்திற்குப் பின்னரும் தகாஃபுல் நிறுவனங்கள் எழுந்தன. இந்தியாவில் காப்பீட்டு நிறுவனங்கள் தம் நிதியின் கணிசமான பகுதியை வட்டி தரும் அரசுப் பத்திரங்களில் இட்டாகவேண்டும் என்ற விதியும் தகாஃபுலுக்குத் தடையாகிறது. சட்டம் கட்டாயமாக்கியதைச் செய்வதில் குற்றமில்லை என்பதே உலமாக்களிற் பெரும்பாலோரின் கருத்து. விருப்பத்தின்பேரில் எடுப்பவற்றிலும், பெறும் தொகையில் கட்டியதற்கு மேற்பட்டதை என்ன செய்வது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. தத்தம் நிலையைச் சொல்லித் தம் பகுதி ஆலிமிடம் கேட்டு நடப்பதே நலம்.

காப்பீடு எடுப்பதே தவக்குலுக்கு மாறு என்று சொல்வோர்க்கு ஒரு சொல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நோயுற்ற ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களிடம், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடுவதைவிடத் தன்னிறைவுடன் விட்டுச்செல்வது மேல் என்று அறிவுறுத்தியவர்களும் அவர்களே. முன்னேற்பாடு ஈமானுக்குப் பகையன்று. முன்னேற்பாட்டின் வழி ஹலாலா என்பதே கேள்வி.

நம் ஜமாஅத்துகள் செய்யத்தக்கது

மருதையாற்றில் அன்று மாண்டவர்களின் குடும்பங்களுக்குத் தொலைபேசியோ எழுத்தறிவோ போதிய அளவு இருந்ததில்லை. நமக்கு எல்லாம் இருந்தும் பத்திரத்தைப் படிப்பதில்லை. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் பத்திரங்கள், கடன்கள், அமானத்துகள் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, இருக்குமிடத்தை மனைவியிடம் சொல்லிவைக்கட்டும். கடனை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்கு வழிகாட்டி. மஹல்லா ஜமாஅத்துகள் மவ்த்து வீட்டில் தஅஸியா சொல்வதோடு நில்லாமல், இத்தா இருக்கும் பெண்ணின் சார்பில் காலக்கெடு தவறாமல் மனுக்களை எழுதிக்கொடுக்க, எழுதப்படிக்கத் தெரிந்த இளைஞர் இருவரையேனும் பொறுப்பாக்கட்டும். அதுவும் ஒரு ஸதக்காவே. ஆகிலா எனும் பழைய ஏற்பாட்டின் உயிர்க்கருத்தும் இதுவே.

பணத்தை வாங்கும் கை நமதாயின், அது அமானத்தைக் காக்கும் கையாக இருக்கட்டும். விதவையரின், யத்தீம்களின் உரிமையை நிறைவேற்றும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.

வல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.